மூங்கில் கழிக்குச் சுங்க வரி இல்லை!

வடசென்னை வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பவானி தேவி, 2004-இல் பள்ளியில் வாள்வீச்சுப் பழகத் தொடங்கினார். அன்று அவர் கையில் இருந்தது வாள் அல்ல, மூங்கில் கழி! போட்டிக்குரிய மின்வாள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒடிந்தால் மறுவாள் வாங்க வீட்டில் வசதியில்லை. ஆகவே, பழகுவதற்கு மூங்கில். போட்டிக்கு மட்டும் வாள். அந்தப் பெண்தான் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் களத்தில் இறங்கிய முதல் இந்திய வாள்வீச்சு வீரர். முதல் ஆட்டத்தை 15–3 என்று வென்றும் காட்டினார்.

மாலை சூட்டினோம், மகிழ்ந்தோம். ஆனால், மூங்கில் கழியோடு நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைத் தடுத்தது எது? திறமைக் குறைவா? இல்லை, தோழர்களே! வறுமை பாதி, துறைமுகத்தில் வழிமறித்து நிற்கும் வரி மீதி.

கணக்கைப் பார்ப்போம். சுங்கத்துறை, பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. கப்பலிலோ விமானத்திலோ கொண்டுவரும் கூலியையும், காப்பீட்டுத் தொகையையும் விலையோடு கூட்டி, அந்த மொத்தத்தின்மேல் வரி போடுகிறது. கொடுத்த கூலிக்கும் வரி!

2018 நிதிநிலை அறிக்கை, விளையாட்டுக் கருவிகளின் சுங்க வரியை 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்திற்று. ஒரு வணிகர் 10,000 ரூபாய்க்குக் கருவி தருவிக்கிறார். கூலி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டை விட்டுவிடுவோம். மொத்தம் 12,000. அதற்குச் சுங்கம் 2,400. அந்தச் சுங்கத்தின்மேல் பத்திலொரு பங்கு சமூகநல மேல்வரி 240. ஆக 14,640. இந்த மொத்தத்தின்மேல் அன்றைய சரக்கு–சேவை வரி 12 விழுக்காடு, ஏறத்தாழ 1,757. பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் 16,397 ரூபாய் ஆயிற்று! இதில் அரசுக்குப் போனது மட்டும் 4,397. வணிகரின் இலாபம் இனிமேல்தான்!

2025 செப்டம்பர் 22 முதல் அந்தச் சரக்கு–சேவை வரியை 5 விழுக்காடாகக் குறைத்தனர். வரவேற்கிறோம். ஆனால், மேற்சொன்ன கணக்கில் அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். 15,372-இல் வந்து நிற்கும். சுமை குறைந்தது, இறங்கவில்லை.

“அப்படியானால் சுங்க வரியே வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்பர். இல்லை! 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து அகதிகளாக வந்த கைவினைஞர்கள், ஜலந்தரிலும் மீரட்டிலும் பந்தும் மட்டையும் செய்து ஒரு பெருந்தொழிலை வளர்த்தார்கள். அந்தத் தொழிலாளியின் அடுப்பு அணையாமல் காக்கும் வரியை நாம் ஆதரிக்கிறோம். உள்நாட்டில் செய்கிறவனுக்கு வேலியாக நிற்கும் வரி நியாயமானது. ஆனால், உலகப் போட்டித் தரத்தில் இங்கே கிடைக்காத கருவிக்குப் போடும் வரி எந்தத் தொழிலாளியைக் காக்கிறது? பயிர் இல்லாத வயலுக்கு எதற்கு வேலி?

இவை ஆடம்பரப் பொருள்களும் அல்ல. உலகப் போட்டிக்கான வாள்வீச்சு முகமூடியில் தொண்டையை மறைக்கும் துணி, 1,600 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்பது விதி. மலிவானதை மாட்டிக்கொள் என்றால் கழுத்துக்கு ஆபத்து. ஆலையில் பாதுகாப்புக் கவசம் கேட்டுப் போராடிய தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“வரிவிலக்கு உண்டே!” என்பர். உண்டு, யாருக்கு? தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்கும், பெரும்புகழ் பெற்ற வீரர்களுக்கும்! புகழ் பெறுவதற்கு முன்பல்லவா கருவி வேண்டும்? ஏறிவிட்டவனுக்கு ஏணி, தரையில் நிற்பவனுக்கு வரி. இதுவா நீதி?

இன்னொன்றையும் நாடு மறக்கவில்லை. 2002-இல் சச்சின் டெண்டுல்கர் 29-ஆம் சதம் அடித்துப் பிராட்மனை எட்டியதற்காக அவருக்கு ஃபெராரி கார் பரிசளிக்கப்பட்டது. அதற்கான சுமார் 1 கோடியே 13 லட்சம் ரூபாய்ச் சுங்கத்தைத் தள்ளுபடி செய்ய மைய அரசு முன்வந்தது. டில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு எழுந்தது. முடிவில் ஃபியட் நிறுவனமே வரியைச் செலுத்தியது. வீரரின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. காருக்காக உருகிய மனம், கழியோடு நிற்கும் பிள்ளைக்காக ஏன் உருகவில்லை என்றுதான் கேட்கிறோம்.

நிலையான வழி எது? இங்கேயே செய்வது! ஃபாயில், எப்பே வாள்களுக்கு உலகப் போட்டிகளில் வேண்டப்படுவது மாரேஜிங் எஃகு. ஐதராபாத்தில் உள்ள பொதுத்துறை நிறுவனமான மிதானி, விண்வெளி ராக்கெட்டுக்கே அந்த எஃகை வார்த்துத் தருகிறது. ராக்கெட்டுக்கு எஃகு தரும் நாட்டில், பள்ளிப் பிள்ளையின் வாளுக்கு எஃகு இல்லையா?

நாம் கேட்பவை மூன்று. உள்நாட்டில் உரிய தரத்தில் கிடைக்காத கருவிகளைப் பட்டியலிட்டுச் சுங்கத்தை நீக்குக! அந்த விலக்கை அரசுப் பள்ளிகளுக்கும் சிற்றூர்ப் பயிற்சிக் கழகங்களுக்கும் விரித்திடுக! பொதுத்துறையிலேயே அக்கருவிகளைச் செய்யத் தொடங்குக! இங்கே உற்பத்தி நிலைபெற்ற பிறகு வரி போடட்டும். அந்த வேலியை நாமே காப்போம்.

மூங்கில் கழிக்குச் சுங்க வரி இல்லை. அதனால்தான் ஏழைப் பிள்ளையின் கையில் அது மட்டும் இருக்கிறது. அந்தக் கையில் வாள் ஏறும் வரை இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்!