இரண்டு ஏலங்கள்

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: மலையில் விளைவது ஒன்று, அதை விற்கும் முறை மற்றொன்று. இரண்டிலும் பழகிய கம்பம் பள்ளத்தாக்கு மனிதர்கள் பங்குச்சந்தையைச் சூதாட்டம் என்று ஒதுக்குவதையும், பிறகு ஒருநாள் கடன் வாங்கி அதிலேயே இறங்குவதையும் காணும்போது, கைவசமுள்ள பாடத்தை ஏன் படிக்க மறுக்கிறோம் என்று தோன்றுகிறது.

2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அது ஒரு குவியலுக்குக் கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரி வெகு கீழே இருந்தது. 2018 வெள்ளமும் பின்வந்த வறட்சியும் செடிகளை அழித்ததால்தான் அந்த விலை. ஆகவே, அதைப் பெறும் அளவுக்குக் காய் வைத்திருந்தவர்கள் குறைவு. அந்த உச்சத்தைப் பார்த்து நட்ட செடி காய்ப்புக்கு வர ஏறக்குறைய மூன்றாண்டுகள். 2022இல் விலையோ ஆயிரத்தை ஒட்டி நின்றது.

‘வளரும் சந்தைகள்’ என்ற பெயரை 1981இல் சூட்டியவர் அந்துவான் வான் அக்ட்மேல். ‘மூன்றாம் உலகம்’ என்றால் முதலீட்டாளர் அஞ்சுவார் என்பதால் பிறந்த சொல் அது. சொல் மாறியதே தவிர ஆபத்து மாறவில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தாண்டிய சென்செக்ஸ், அக்டோபரில் 8,000க்குக் கீழே விழுந்து, 2010 இறுதியில் மீண்டும் 21,000ஐத் தொட்டது. காத்திருக்க முடிந்தவருக்கு அது கெட்ட கனவு. தவணை கட்டுவதற்காக விற்றவருக்கு மீளாத நட்டம். காத்திருப்புக்கும் உத்தரவாதம் இல்லை. ஜப்பானின் நிக்கெய் 1989இல் தொட்ட உச்சத்தைக் கடக்க 2024 வரை ஆயிற்று.

ஆக, ஆபத்து விலையின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் இல்லை. அந்தப் பணம் நமக்கு எப்போது தேவைப்படும் என்பதிலும் இருக்கிறது. அயல்நாட்டு முதலீட்டாளருக்கு ரூபாய் மதிப்பு சரியும் கவலை கூடுதலாக உண்டு. ஆனால் அவர் பணம் பல நாடுகளில் பரவிக் கிடக்கிறது. நம் விவசாயிக்கோ நிலம், தொழில், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே ஒரே மழையை நம்பியவை. அவர் பத்தாண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தில் ஒரு பகுதியைப் பல நிறுவனங்களில் பரவிய குறியீட்டு நிதியில் போடுவது சூதாட்டம் அல்ல, இருக்கும் சூதாட்டத்தைக் குறைத்துக்கொள்வது என்பேன். அதே மனிதர் நகையை அடகு வைத்து ஒரே பங்கை வாங்கினால், 7,000 ரூபாய்ச் செய்தியைப் படித்துவிட்டுச் செடி நட்டவரின் கதைதான்.