நாடோடிப் பாட்டும் நல்லிசையும்

ஏற்றப் பாட்டும் நடவுப் பாட்டும் கல்லாதார்க்கே உரியன என்றும், கற்றோர் கேட்கத் தக்கது சபையேறிய சங்கீதமே என்றும் நம்மிற் பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பிழையென்பதே நாம் ஈண்டுக் கூற விழைவது.

இளையராஜா அவர்களின் வரலாற்றை நோக்குவோம். 1943-இல் பண்ணைப்புரத்திற் பிறந்த அவர், அன்னையார் பாடும் பாட்டைக் கேட்டு வளர்ந்தார். தமையனார் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர்தோறும் சென்று வாசித்தார். மேனாட்டிசையைத் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றது, சென்னை சேர்ந்த பின்னரே. 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது, வயற்காட்டு மெட்டு நகரத்தார் செவியையும் கவர்ந்தது. 2005-இல் ஹங்கேரி நாட்டு வாத்தியக் குழுவினரைக் கொண்டு திருவாசகத்திற்கு இசையமைத்தார். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், ஆழ்வார் பாசுரங்களுக்கு அவர் அமைத்த இசை ஒலித்தது. 2025 மார்ச்சு 8-இல் அவரது சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது.

‘நாட்டுப்பாட்டு முதற்படி, மேலேறியபின் அது வேண்டா’ என்பாரும் உளர். படியாயின் ஏறியபின் விட்டுச் செல்லலாம். அதுவோ வேர், கிளை எத்துணை விரியினும் வேரின்றி மரம் நில்லாது. பல்துறை இசையிலும் அவர் தடுமாறாது உலவியது, தமக்கென ஓர் இசை முன்னரே நெஞ்சில் ஊன்றியிருந்தமையாலன்றோ?

ஸ்காத்லாந்தின் பெருங்கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், தம் இறுதியாண்டுகளில் நாட்டுப் பாடல்களைத் திரட்டுவதிற் பெரிதும் உழைத்தார். புத்தாண்டு பிறக்கும் வேளையில் பல நாடுகளிலும் பாடப்படும் பழைய நட்புப் பாட்டை, முதியவர் ஒருவர் பாடக் கேட்டே எழுதியதாக அவர் உரைத்தார். அன்று அவர் செவிசாய்த்திராவிடின் உலகம் அதனை இழந்திருக்கும்.

நம் நிலை யாது? இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் ஏற்றம் மறைந்தது; அதனோடு ஏற்றப் பாட்டும் மறைந்தது. களத்துமேட்டிற் பாடியிருக்கவேண்டிய நங்கையர், நூலாலை இரைச்சலினிடையே வாய்மூடி நிற்கின்றனர். ஆலை வேண்டாமென்பதன்று நம் கருத்து. ஊதியம் வேண்டும், பாட்டும் வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் நம் இல்லங்களில் இன்னும் சிலரே உளர்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! இவ்விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு பாட்டையேனும், பாடியவர் பெயரும் ஊரும், எத்தொழிலிடையே பாடியதென்பதும் குறித்துக் கொணர்மின். சொல்லை ஏட்டிலும் மெட்டைக் கைப்பேசியிலும் பதிந்து வைப்பது அரிதன்று. பாட்டி ‘எனக்கென்ன தெரியும்’ என்று நாணுவாள்; அருகமர்ந்து பொறுமையோடு கேட்பதே நாம் அவளுக்குச் செய்யும் மரியாதை.