கணக்கைப் போடுமுன் படிப்போம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

"கூட்டல், கழித்தல் எல்லாம் வருகிறது அண்ணா, வாக்கியக் கணக்குத்தான் வரவில்லை." மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலையில் படிக்க வரும் சிறுவர்களின் குறை இது. ஒரு காலத்தில் என் குறையும் இதுவே. எங்கள் குடும்பத்தில் கல்லூரியை மிதித்த முதல் ஆள் நான். ஐயம் கேட்க வீட்டில் எவருமில்லை. எனவே ஒரு குறுக்குவழியை நம்பினேன். 'மீதி' என்றால் கழி. 'அதிகம்' என்றால் கூட்டு!

அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். "கந்தனிடம் 12 சிப்பிகள் உள்ளன. அவை முருகனிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம். முருகனிடம் எத்தனை?" திண்ணையில் பலர் 17 என்றனர். விடை 7 அன்றோ? அவர்கள் கூட்டலில் தவறவில்லை; படிப்பதில் தவறினர்.

உப்பளத்தில் வேலை செய்யும் என் அம்மா எழுத்தறியாதவர். ஆயினும் கூலிக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பது அவர் மனத்தில் படமாக நிற்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணச் சொன்ன காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' காட்டுவதும் வாழ்க்கையோடு ஒட்டிய கணக்கைத்தான்.

கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளைக் கூறினார்: புரிந்துகொள், வழி வகு, செய்து முடி, திரும்பிப் பார். இதை நம் ஊர்க் கணக்கில் சோதித்தேன். 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. அந்நாளில் குளித்தவர்களுக்குச் சிப்பியில் ஒரு பங்கே கூலி. ஒரு படகில் 6000 சிப்பிகள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு 10 பேருக்கு என்று கொள்வோம். தலைக்கு எத்தனை? முதலில் சிறுவர்கள் 600 என்றனர். தரையில் மூன்று குவியல் வரையச் சொன்னேன். ஒரு குவியல் 2000, தலைக்கு 200. திரும்பப் பெருக்கினால் 6000 சரியாக வந்தது. முகங்கள் மலர்ந்தன!

சென்ற ஆண்டு ஒரு சிறுவன் கணக்குக்கு அஞ்சியே பள்ளியை விட்டான். உப்பள வேலை இழிவன்று. என்னை வளர்த்த வேலை அது. ஆனால் அதை அவன் தேர்ந்தெடுக்கவில்லை; அச்சம் தள்ளிவிட்டது. இரண்டு முறை நிதானமாகப் படிக்க யாரேனும் கற்றுத்தந்திருந்தால் இன்று அவன் வகுப்பில் இருந்திருப்பான்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் நம் தெருவில் ஒரு பிள்ளைக்கேனும் கணக்கைப் 'படிக்க'ச் சொல்லித் தருவோம். நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள் நம்மில் பலர். 'இவனுக்குக் கணக்கு வராது' என்ற தீர்ப்பை மட்டும் எவருக்கும் எழுதாதிருப்போம்.