அடுத்து எந்த வண்டி?



பத்தமடையில் கல்யாணப் பாய்க்குச் சொல்லிவைப்பவர்கள், மணமக்கள் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தாமிரபரணிக் கோரையைக் கீறி, ஊறவைத்து, காயவைத்து, சாயமேற்றி, அந்த எழுத்துகள் பாயிலேயே விழும்படி நெய்து தருவார்கள். பெயர்ப் பாய்க்கு நாள் கூடப் பிடிக்கும். பிடிக்கட்டுமே; பக்கத்துத் தறிக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

கார் ஆலையில் அந்த வசதி கிடையாது. இருங்காட்டுக்கோட்டையோ ஒரகடமோ, லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். பெரிய ஆலைகளில் ஏறத்தாழ நிமிஷத்துக்கு ஒரு வண்டி வெளியே வரும். வெள்ளைக்குப் பின்னால் சிவப்பு, மேனுவல் கியருக்குப் பின்னால் ஆட்டோமேட்டிக், நமக்கான வலப்பக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏற்றுமதிக்கான இடப்பக்கம், எல்லாம் ஒரே லைனில்.

ஹென்றி ஃபோர்டு இந்தத் தலைவலியே வேண்டாம் என்றிருந்தார். 1914 முதல் 1925 வரை அவருடைய மாடல் டி கறுப்பில் மட்டும்தான் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் விதவிதமாகக் காட்டத் தொடங்கியதும் ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவரும் நிறத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

வகை கூடினால் பாகத்தை மாற்றி மாட்டிவிடுவார்களே என்றுதான் நாம் நினைப்போம். அதற்கு வழி இருக்கிறது. எந்த வண்டிக்கு எது என்பதை பாடியோடு வரும் தாளோ பார்கோடோ சொல்லிவிடும். எடுக்க வேண்டிய பெட்டியின் மேல் விளக்கு எரியும். இருக்கைகள், வண்டி வருகிற வரிசைப்படியே லாரியிலிருந்து இறங்கும்.

சிக்கல் அந்த வரிசையைப் போடுவதில்தான். சன்ரூஃப் பொருத்த நேரம் அதிகம். அப்படிப்பட்ட வண்டிகள் அடுத்தடுத்து வந்தால், வேலை முடியாமல் வண்டியோடு நகர்ந்து நகர்ந்து அடுத்தவர் இடத்தில் போய் நிற்பார் அந்தத் தொழிலாளி. அதனால் ஒரு சன்ரூஃப் போனால், பின்னால் இரண்டு சாதா வண்டி விட வேண்டும். பெயின்ட் ஷாப் கேட்பதோ வேறு. நிறம் மாறும்போதெல்லாம் ஸ்பிரே கன்னைக் கழுவியாக வேண்டும் என்பதால், வெள்ளையெல்லாம் சேர்ந்தே வரட்டும் என்பார்கள் அவர்கள். இருவரையும் சமாளிக்க, பெயின்ட் அடித்த பாடிகளை நடுவில் நிறுத்தி, வரிசையை மாற்றி அனுப்புகிற ஆலைகளும் உண்டு. பிரான்ஸின் ரெனோ நிறுவனம் இதே கணக்கை 2005-இல் அந்நாட்டுச் செயல்பாட்டு ஆய்வுச் சங்கத்தின் போட்டிக்குக் கேள்வியாகவே கொடுத்தது. டாப் மாடல் விளம்பரங்களைவிட இந்த வரிசைக் கணக்குதான் எனக்குச் சுவாரசியம்.

ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் சேரன்மாதேவி, வீரவநல்லூர் வாசகர் வீடுகளிலும் இருப்பார்கள். எந்த வண்டி வந்தால் கை ஓடாது, எது வந்தால் மூச்சுவிடலாம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆலையின் பெயர் வேண்டாம். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்