மூட்டுவலிக்குச் சோற்றைக் குறைத்தால் போதுமா?



சென்ற வாரம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பேலியோவா? மூட்டுவலி போயிருச்சா?" என்று உள்பெட்டியில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சொந்தக்காரர்கள் பக்கமோ, "வயசான காலத்துல எதுக்கு இந்தப் பட்டினி?" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். பழைய அறிவியல் வகுப்பு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 66 வயது. 31 வருடம் கரும்பலகை முன்னால் நின்ற கால்கள். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று டாக்டர் சொன்னபோது என் எடை 81 கிலோ. பத்து மாதத்தில் 70-க்கு வந்திருக்கிறேன். காலையில் இரண்டு முட்டை, சுண்டல். மதியம் கீரை, காய், மீன் அல்லது கோழி; சோறு ஒரு சின்னக் கரண்டி. இரவு இட்லி, இடியாப்பத்துக்குப் பதில் பன்னீரோ பயறோ. சர்க்கரை, வெல்லம் அறவே இல்லை. வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆனால் போய்விடவில்லை. குன்றக்குடி மலைப்படியைப் பார்த்தால் இன்னும் யோசனைதான்.

சோற்றைக் குறைத்தால் மூட்டு ஏன் லேசாகிறது? 2005-ல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தார், உடல் பருமனும் மூட்டுத் தேய்மானமும் உள்ள 142 பேரை நடக்கவிட்டு அளந்தார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் என் 11 கிலோவுக்கு 44 கிலோ. ஏறக்குறைய ஒரு சிமெண்ட் மூட்டை. அதை அடிக்கு அடி இறக்கி வைத்தால் மூட்டு நன்றி சொல்லாமல் இருக்குமா?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர், சவ அடக்க ஏற்பாடுகள் செய்து கொடுப்பவர். மாடிப்படியில் நேராக இறங்கினால் கணுக்காலும் முழங்காலும் அதிர்கின்றன என்று பின்பக்கமாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தவர். எடை 91 கிலோவுக்கு மேல். வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னார். ஒரு வருடத்தில் ஏறத்தாழ 21 கிலோ குறைந்தது. 1863-ல் அதைச் சின்னப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். இன்று நியாண்டர் செல்வன் 'பேலியோ டயட்' எழுதி, முகநூல் குழுவில் ஆயிரக்கணக்கானோர் 100 பாதாம் எண்ணிச் சாப்பிடுவதற்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம்.

எடை குறைவதைத் தாண்டி, மாவுச்சத்தைக் குறைப்பதே வலியைக் குறைக்குமா? அலபாமாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 65 முதல் 75 வயதுக்காரர்களிடம் 12 வாரம் ஓர் ஆய்வு நடந்து 2020-ல் வெளியானது. மாவுச்சத்து குறைத்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 21 பேர். நம் பள்ளியில் அரை வகுப்புக்கூட இல்லை. நம்பிக்கை வைக்கலாம், சத்தியம் பண்ண முடியாது.

தேய்ந்த குருத்தெலும்பை எந்த உணவும் திரும்ப வளர்ப்பதில்லை. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் சத்தை எடுத்துக்கொள்கிறது. காலை மடக்கி நீட்டும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. ஆகவே "வலிக்குது" என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து பாதாம் கொறிப்பவருக்குப் பாதிப் பலன்தான். 2013-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 454 பேரை 18 மாதம் கவனித்தது. உணவுக் கட்டுப்பாடு மட்டும், உடற்பயிற்சி மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று மூன்று குழு. வலி மிகவும் குறைந்தது இரண்டும் செய்தவர்களுக்கு. அங்கே மாவுச்சத்தை ஒதுக்கச் சொல்லவில்லை, மொத்தச் சாப்பாட்டைத்தான் குறைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். முழங்காலைத் தாங்குவது தொடைத்தசை. அது மெலிந்துபோனால் எடை குறைந்தும் பயனில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். நான் டிவி சீரியல் விளம்பரத்தில் செய்கிறேன்.

ஒரு கண்டிப்பு. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். 'ஃப்ளோசின்' என்று பெயர் முடியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கறியும் முட்டையும் எவ்வளவு என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள். வாட்ஸ்அப் பார்த்து மாத்திரையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று என் மனதை உறுத்துகிறது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் இதே வலி. குத்தவைத்துப் பாத்திரம் தேய்த்த முழங்கால். அவரிடம் போய்ப் பாதாம், வெண்ணெய், பன்னீர் என்று பட்டியல் வாசிக்க எனக்கு நா எழவில்லை. ரேஷனில் அரிசி 2011-லிருந்து இலவசம்; பாதாம் இலவசமில்லை. காசு இருந்தால்தான் மூட்டு பிழைக்கும் என்றால் அது என்ன வைத்தியம்? எனவே நான் சொல்வது எளிமையானது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, முட்டை, வேகவைத்த நிலக்கடலை, தட்டைப்பயறு, கருவாடு. நிலக்கடலை பாதாமுக்கு ஒன்றும் சளைத்ததில்லை. பாத்திரம் தேய்க்க மேடை போட்டுக் கொடுப்பது நம் பொறுப்பு. எங்கள் வீட்டில் போட்டாயிற்று. உங்கள் வீட்டிலும் போடுங்கள்.

கடைசியாகச் செட்டிநாட்டு உறவுகளுக்கு. நம் ஊர் விருந்தோம்பல் பெருமைக்குரியதுதான். ஆனால் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி என்று ஒரே இலையில் அடுக்கிவிட்டு, "இன்னும் ஒண்ணு, எனக்காக" என்று கையைப் பிடிப்பது இப்போது பாசமாகாது. நம் விசேஷ வீடுகளில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு மூட்டுவலி. போதும் என்று இலையை மடித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பலகாரத்தோடு கோழி ரசமும் ஒரு காய்க் கூட்டும் கூடுதலாக வையுங்கள். முகப்புப் படிக்குக் கைப்பிடி ஒன்று போடுங்கள். உயரமான நிலைப்படிகளைக் கட்டிய நம் ஐயாக்கள் நம் முழங்காலை நினைத்துக் கட்டவில்லை.

தட்டில் பாதியைக் குறையுங்கள், தொடைக்கு வேலை கொடுங்கள், டாக்டரைக் கேளுங்கள். மூன்றில் ஒன்றை விட்டாலும் கணக்கு தப்பும்.

வலி உள்ளவர்கள், எது உதவியது, எது உதவவில்லை என்று கீழே எழுதுங்கள். டீச்சர் திருத்த மாட்டேன், படிக்க மட்டும் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்,
காரைக்குடி