பெரிதாய்க் காண்பது தெளிவாய்க் காண்பதாகுமா?

ஒரு பொருளை எவ்வளவுக்கெவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கின்றோமோ, அவ்வளவுக்கவ்வளவு அதன் உண்மை வெளியாகிவிடும் என்பது நம் மக்களில் பெரும்பாலோருடைய எண்ணமாக இருந்து வருகின்றது. படித்தவர்கள் என்பவர்களும் இதற்கு விலக்கல்ல. இவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

இதற்குப் பெரிய சாஸ்திரப் படிப்பு ஒன்றும் தேவையில்லை. பத்திரிகையில் அச்சாகியிருக்கும் ஒரு மனிதரின் படத்தின்மீது பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அவருடைய இமை மயிர் தெரிகின்றதா? இல்லை, வெறும் மைப்புள்ளிகள்தாம் தெரிகின்றன. இன்னும் பெரிய கண்ணாடி வைத்தால் இன்னும் பெரிய புள்ளிகள்! படம் பிடிக்கும்போதும் அச்சடிக்கும்போதும் ஏறாமற்போன விவரத்தை, பிறகு எந்தக் கண்ணாடியும் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

ஆகவே, இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உருவைப் பெரிதாக்கிக் காட்டுவது. இதற்கு உருப்பெருக்கம் என்று பெயர். மற்றொன்று, நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டென்று பிரித்துக் காட்டுவது. இதற்குப் பிரிதிறன் என்று பெயர். ஒளி அலையாகச் செல்லுவதால் பிரிதிறனுக்கு ஓர் எல்லை உண்டென்று 1873ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே என்பவர் விளக்கினார். சாதாரண ஒளி நுண்ணோக்கி, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 5000ல் ஒரு பங்குக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. எனவே சுமார் 1500 மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். 1933ல் எர்ன்ஸ்ட் ருஸ்கா இவ்வெல்லையைத் தாண்டியதுங்கூட, கண்ணாடியைப் பெருக்கியதால் அல்ல. ஒளியையே விட்டுவிட்டு, அலை மிகச் சிறிதான எலெக்ட்ரானைக் கொண்டு பார்த்ததால்தான்.

நிற்க, மங்கலை நம்பினால் என்ன நேரும் என்பதற்குச் செவ்வாய்க் கிரகத்து "முகமே" போதிய சாட்சியாகும். 1976 ஜூலையில் வைகிங் 1 என்ற விண்கலம் அனுப்பிய படத்தில் ஒரு குன்று மனித முகம்போல் தோன்றிற்று. வெயிலும் நிழலும் செய்த வேலை இதுவென்று விஞ்ஞானிகள் அப்பொழுதே சொன்னார்கள். ஆனால், யாரோ கட்டி வைத்த சிலையென்று புத்தகம் எழுதியவர்களும் பிரசங்கம் செய்தவர்களும் எத்தனைபேர்! அப்படத்தில் ஒரு புள்ளி 43 மீட்டர் நிலத்தைக் குறித்தது. மூக்குத் துவாரமென்று அவர்கள் காட்டிய கரும்புள்ளியோ, செய்தி சரியாய் வந்து சேராத வெற்றிடம்! 2001ல் மற்றொரு கலம் ஒரு புள்ளிக்கு 1.56 மீட்டர் வீதம் படம் எடுத்தது. முகம் மறைந்தது, மேட்டுக் குன்று நின்றது. இருபத்தைந்து வருஷம் அந்தப் பழைய படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் கண்டதெல்லாம் தங்கள் மனதில் இருந்ததைத்தானே?

இது வேடிக்கை விஷயம் மாத்திரமல்ல. இன்று கடைத்தெருக் காமிராவில் விழுந்த மங்கலான உருவத்தைப் பெரிதாக்கி, "இவன்தான் திருடன்" என்கின்றார்கள். போதாக்குறைக்கு, கம்ப்யூட்டரைக் கொண்டு படத்தைத் "தெளிவாக்கு"வதாகவும் சொல்லுகின்றார்கள். அவ்வியந்திரம் செய்வதென்ன? இப்படிப்பட்ட இடத்தில் சாதாரணமாய் என்ன இருக்குமோ, அதை ஊகித்து நிரப்புகின்றது. ஊகம் சாட்சியாகுமா? 2024ல் அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து நீதிமன்றம் ஒன்று, ஒரு கொலை வழக்கில் இப்படித் தெளிவாக்கிய படத்தைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது மிகவும் நியாயமான காரியம் என்றே கருதுகின்றோம். இல்லாத மூக்கையும் கண்ணையும் இயந்திரம் வரைய, அதற்காக ஓர் ஏழை ஜெயிலுக்குப் போவதென்றால், அதைவிட அக்கிரமம் வேறென்ன இருக்க முடியும்?

ஆதலால், யாராவது ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து நீட்டினால், "எத்தனை மடங்கு?" என்று கேட்டு வாய்பிளக்க வேண்டாம். "மூலப்படத்தில் ஒரு புள்ளி எவ்வளவு இடத்தைக் குறிக்கின்றது? அதற்குச் சிறியதை நீர் எப்படிக் கண்டீர்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், தெரியவில்லை என்று சொல்லிவிடுவதே அறிவுடைமையாகும்.