கதவைச் சாத்தும் பேங்க் ஆப்!

“பேங்க் ஆப் திறக்க மாட்டேங்குது சார்! ‘உங்கள் போன் பாதுகாப்பாக இல்லை’ன்னு சொல்லுது. என் போன், என் பணம். தடுக்க இவன் யாரு?”

பஸ்சிலும் மளிகைக் கடையிலும் இப்படிச் சிலர் பொருமுகிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் ஆப் செய்வது சரியே!

மாஸ்டர் சாவி

போனை ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை, தனிப் பூட்டு. ஒருவர் அறையில் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. எல்லா அறையையும் திறக்கும் மாஸ்டர் சாவியைக் கிளப்பி எடுப்பதற்குப் பெயர்தான் ‘ரூட்’. ஐபோனில் ‘ஜெயில்பிரேக்’ என்பார்கள்.

கம்பெனி தராத வசதிக்கு ஆசைப்பட்டுச் சிலர் இதைச் செய்கிறார்கள். அந்தச் சாவி ஒரு கள்ள ஆப்பிடம் சிக்கினால்? திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். ரகசிய எண், ஓ.டி.பி. எல்லாம் அம்பேல்!

அதனால்தான் ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் விதி போட்டது. அடிப்படைத் தகுதி உள்ள போனில்தான் ஆப் ஓட வேண்டும். தூரத்தில் இருந்து போனை இயக்கும் ஆப் இருப்பது தெரிந்தால் உள்ளே விடக்கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது.

பேங்குகளே, கேளுங்கள்!

சோதனையைப் போனுக்குள் மட்டும் வைத்தால் போதாது. மாஸ்டர் சாவி வைத்திருப்பவன் “நான் நல்ல போன்” என்று பொய் சொல்ல வைத்துவிடுவான். கூகுளின் ‘ப்ளே இன்டெக்ரிட்டி’ போன்ற ஏற்பாட்டில் வரும் சான்றை பேங்க் தன் கம்ப்யூட்டரில் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று. பழைய போனுக்குச் சில வருடத்தில் கம்பெனி கைவிரித்து விடுகிறது. புதுசு வாங்க வசதி இல்லாதவர் வேறு சாப்ட்வேர் போட்டு ஓட்டுகிறார். அவர் திருடரா? ஏன் தடுத்தோம், என்ன செய்யலாம் என்று நல்ல தமிழில் சொல்லுங்கள். அவர் கிளைக்கு வந்தால், “ஆப்பில் போட்டுக்கோங்க” என்று விரட்டாதீர்கள்!

நாம் செய்ய வேண்டியது

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது பூட்டு உடைத்ததா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும் அழித்து ‘ரீசெட்’ செய்தாலும், மாற்றிப் போட்ட சாப்ட்வேர் போகாமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பைப் போடாதீர்கள். அதற்கு பூட்டு உடைந்த போன் தேவையில்லை. கேட்ட அனுமதியை எல்லாம் நீங்கள் கொடுத்தாலே போதும், வேலை முடிந்தது! பணம் போனால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். தாமதம் ஆக ஆக, பணம் கை மாறிப் போய்விடும்.

ஆப் கதவைச் சாத்தட்டும், தப்பில்லை. ஆனால் கிளையின் கதவு திறந்திருக்க வேண்டும்!